மாரத்தானுக்கு முன்னாடி, பின்னாடி ஸ்போர்ட்ஸ் மசாஜ்: பலன் இருக்கா, பேக்கேஜ் கட்டலாமா?

கொங்கு ஓட்டம் (கோவை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஜனவரியில சென்னை மாரத்தான்ல முழுத் தூரத்துக்குப் பேர் குடுத்திருக்கேன். முதல் முறைங்க. போன ஞாயித்துக்கெழமை நீண்ட ஓட்டம் 28 கிமீ. மருதமலை ரோட்டுப் பக்கம் ஏத்த எறக்கம் நல்லாவே இருந்துச்சு. திங்கக்கெழமை காலையில தொடை ரெண்டும் கல்லு.

அன்னைக்கு சாயந்தரமே ஸ்போர்ட்ஸ் மசாஜ்னு போர்டு வச்ச ஒரு எடத்துக்குப் போனேன். அங்க இருந்தவர் முழங்கைய ஊனி அழுத்துன அழுத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. "வலிச்சாத்தான் லாக்டிக் ஆசிட் வெளிய போகும், டாக்சின் எல்லாம் எறங்கும்"னாரு. இன்னைக்கு புதன். தொடையில அங்கங்க கன்னிப்போயி நீலமாக் கெடக்குது. படிக்கட்டுல ஏறலாம், எறங்கறதுக்குத்தான் கைப்பிடியப் பிடிக்க வேண்டியிருக்குது.

பத்து முறைக்கு 12,000 ரூபா பேக்கேஜாம். இந்த வாரமே கட்டினா ரெண்டு முறை இலவசம்ங்கறாங்க. கட்டலாமுங்களா? பந்தயத்துக்கு எத்தனை நாளைக்கு முன்னாடி மசாஜ் பண்ணோணும், முடிஞ்சதுக்கு அப்புறம் எப்ப பண்ணோணும்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

---

ஈசிஆர் சைக்கிள்காரன் (சென்னை)

ப்ரோ, ஆளை மாத்துங்க, மசாஜை விட்டுடாதீங்க. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பாருங்க. 21 ஸ்டேஜ். ஒவ்வொரு அணியிலயும் சுவான்யர்னு சில பேர் இருப்பாங்க. வழியில சாப்பாட்டுப் பையை நீட்டறதும் அவங்கதான், சாயந்தரம் ஹோட்டல் ரூம்ல கட்டிலைப் போட்டு ஒவ்வொருத்தன் காலையும் பிடிச்சு விடறதும் அவங்கதான். இத்தனை வருஷமா ஒரு நாள் விடாம பண்றாங்கன்னா சும்மாவா? காலைச் சிரைச்சுக்கறதுக்கே அதுவும் ஒரு காரணம்: எண்ணெய் போட்டு நீவும்போது முடி இழுபடக் கூடாது, விழுந்து சிராய்ச்சா மருந்து போடவும் வசதி.

லாக்டிக் ஆசிட் வடிஞ்சாத்தான் மறுநாள் பெடல் மிதிக்க முடியும். நானே பாண்டிச்சேரி வரைக்கும் போயிட்டு வந்தா மசாஜ் பண்ணிக்குவேன். மறுநாள் கால் பஞ்சு.

---

சந்தேகப் பிராணி

1998 டூர் ஞாபகம் இருக்கா? ஃபெஸ்டினா அணியோட சுவான்யர் ஒருத்தர் கார் நிறைய ஊக்கமருந்தோட பெல்ஜியம்-பிரான்ஸ் எல்லையில மாட்டினார். மறுநாள் பெடல் மிதிக்க வச்சது எதுன்னு அந்த வருஷம் ஊருக்கே தெரிஞ்சுது.

---

ஈசிஆர் சைக்கிள்காரன் (சென்னை)

வந்துட்டார்யா. மசாஜ் பத்திப் பேசினா ஊக்கமருந்துக்குத் தாவறார். மருந்து போட்டவனும் மசாஜ் பண்ணிக்கிட்டான், போடாதவனும் பண்ணிக்கிட்டான்.

---

பிசியோ வைகை (மதுரை)

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். தடகளம், கபடி ஆடற பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கறேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

கொங்கு ஓட்டம், முதல்ல உங்க தொடை. கன்னிப்போன இடத்துல இனி யாரும் கை வைக்க வேண்டாம். தைலம் போட்டுத் தேய்க்கறதும் வேண்டாம், சுடுதண்ணி ஒத்தடமும் இப்போ வேண்டாம். சிறுநீர் எந்த நிறத்துல போகுதுன்னு பாருங்க. கட்டங்காப்பி நிறத்துல போச்சுன்னாலோ, ரொம்பக் குறைவாப் போச்சுன்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீண்ட ஓட்டம், உடம்புல தண்ணி குறைவு, அதுக்கு மேல முரட்டு அழுத்தம் எல்லாம் சேர்ந்தா, அபூர்வமா தசை சிதைஞ்சு அதுல இருக்கற மயோகுளோபின்ங்கற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னியைப் பதம் பார்க்கும். உங்களுக்கு அப்படி இருக்காதுன்னு நினைக்கறேன். இருந்தாலும் பார்த்துடுங்க.

அடுத்தது லாக்டிக் ஆசிட். மசாஜ் சென்டர் பாதி இந்தக் கதையிலதான் ஓடுது. உடம்புல அது லாக்டேட்டாத்தான் இருக்கும். ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் போல ஆச்சுன்னா ரத்தத்துல லாக்டேட் பழைய அளவுக்கே வந்துடும். அது கழிவும் இல்ல. இதயம், கல்லீரல், வேலை செய்யாத மத்த தசைகள் எல்லாம் அதை எரிபொருளா எடுத்துப் பயன்படுத்திக்கும். அதுவும் நிதானமா ஓடற நீண்ட ஓட்டத்துல அது பெருசா ஏறவே ஏறாது. நீங்க மசாஜுக்குப் போனது மறுநாள் சாயந்தரம். அப்போ உங்க தொடையில இல்லாத சரக்கை அவர் எப்படி வெளியே தள்ளினார்?

இதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. கனடாவுல கிங்ஸ்டன் நகரத்து குயின்ஸ் பல்கலைக்கழகம், 2010. கையை இறுக்கிப் பிடிக்கற பயிற்சி குடுத்து முன்கைத் தசையைக் களைப்படைய வச்சுட்டு, அப்புறம் மசாஜ் பண்ணினா என்ன ஆகுது, சும்மா விட்டா என்ன ஆகுதுன்னு அளந்தாங்க. மசாஜ் பண்ணினப்போ லாக்டேட் வெளியேறறது குறைஞ்சுது. காரணம் ரொம்பச் சாதாரணம். அழுத்தற ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயும் சேர்ந்து அமுங்குது, ரத்த ஓட்டம் தடைப்படுது.

அப்போ உங்க வலி எதனால? இறக்கத்துல ஓடும்போது தொடையோட முன்பக்கத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு எடையைத் தாங்குது. அதுல நாருக்குள்ள நுண்ணிய சேதம் வருது, பின்னாடியே அழற்சியும் வருது. உடனே வலிக்காது. மறுநாள் ஆரம்பிச்சு ரெண்டாவது மூணாவது நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள்ள தானா அடங்கும். இது தசைக்குள்ள ஏற்படற கிழிசல்னு தியோடர் ஹஃப்னு ஒருத்தர் 1902-லேயே எழுதிட்டார். படிக்கட்டு ஏற முடியுது, இறங்கத்தான் முடியலைன்னு நீங்க சொன்னீங்கல்ல, அது இந்த வலியோட கையெழுத்து. இறங்கும்போதும் அதே தசைதான் அதே மாதிரி நீண்டு சுமக்குது.

ஏற்கனவே சேதமாகி வீங்கியிருக்கற தசையில அவர் முழங்கையை இறக்கியிருக்கார். பேக்கேஜ் பத்தி நான் தனியாச் சொல்லணுமா?

---

கொங்கு ஓட்டம் (கோவை)

ரொம்ப நன்றிங்க மேடம். யூரின் கலரெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. அப்ப மசாஜே வேண்டாம்ங்கறீங்களா? இல்ல பண்ற விதந்தான் தப்புங்களா?

---

ஸ்காபரோ பொடியன் (டொரன்டோ)

வணக்கம். நான் இஞ்ச ஞாயிற்றுக்கிழமைகளில உதைபந்தாட்டம் விளையாடுறனான். வயசு ஏறுது, கால் கேக்குதில்லை.

மசாஜ் ஒண்டுக்கும் உதவாது எண்டு முடிவு கட்ட வேண்டாம். எங்களுக்குக் கிட்ட ஹமில்டனில மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருக்கு. 2012-ல அவை செய்த ஆய்வு ஒண்டு நல்லாப் பேசப்பட்டது. 11 பொடியளைச் சைக்கிளில களைக்கக் களைக்க ஓடவிட்டு, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிசம் மசாஜ் குடுத்தவை. மற்றக் காலைச் சும்மா விட்டவை. பிறகு ரெண்டு தொடையிலயும் ஊசி விட்டுத் தசையைக் கிள்ளி எடுத்துப் பாத்தவை. மசாஜ் செய்த காலில அழற்சியைக் கிளப்புற சமிக்ஞையள் குறைவு. தசைக்கலத்தில சக்தி உண்டாக்கிற மைட்டோகொன்ட்ரியாவைப் பெருக்கச் சொல்லுற சமிக்ஞை கூட. லாக்டேட்டில மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதால மேடம் சொல்லுறதும் சரி, மசாஜ் செய்யிற ஆக்கள் சொல்லுறதிலயும் ஏதோ இருக்கு.

இன்னொரு விசயம். எங்கட ஒன்டாரியோ மாகாணத்தில மசாஜ் தெரபிஸ்ட் எண்டா பதிவு வேணும். ஆர்.எம்.டி. எண்டு சொல்லுவம். படிச்சு, சோதினை எழுதி, ஒழுங்காற்றுற சபையில பேர் பதிஞ்சிருக்க வேணும். பிழை செய்தா அங்க முறைப்பாடு குடுக்கலாம். கனபேருக்கு வேலைத்தளக் காப்புறுதியே காசு குடுக்கும், அதால டிசம்பர் மாசம் காப்புறுதி முடிய முதல் எல்லாரும் ஓடிப்போய்ப் படுப்பினம். 😄 ஊரில இதுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையோ?

---

பிசியோ வைகை (மதுரை)

இங்க மசாஜுக்குன்னு தனியா அப்படி ஒரு பதிவு முறை இல்லை. பிசியோதெரபி நாலு வருஷத்துக்கு மேல படிக்கற படிப்பு, அதுல மசாஜும் ஒரு பாகம். ஆனா சின்னதா ஒரு கோர்ஸ் முடிச்சவரும் சுவத்துல தசைப் படம் மாட்டி ஸ்போர்ட்ஸ் மசாஜ்னு போர்டு வைக்கலாம். அப்படி வந்தவங்கள்ல கை நல்லா இருக்கறவங்களும் உண்டு. அதனால போர்டைப் பார்க்காதீங்க, உங்ககிட்ட என்ன கேக்கறாங்கன்னு பாருங்க. எங்க வலிக்குது, எப்போ ஓடினீங்க, அடுத்த பந்தயம் எப்போ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது சாப்பிடறீங்களான்னு கேக்காம எண்ணெய் பாட்டிலைத் திறக்கறவர்கிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.

மக்மாஸ்டர் ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனா 11 பேர்தான். அந்தச் சமிக்ஞை மாத்தத்தால அவங்க அடுத்த வாரம் வேகமா ஓடினாங்களான்னு அதுல பார்க்கலை.

அதைப் பார்த்தது 2020-ல ஷெஃபீல்டுல இருந்து வந்த தொகுப்பு. 29 ஆய்வு, மொத்தம் 1,012 பேர். வலிமை, குதிக்கிற உயரம், ஸ்பிரின்ட் வேகம், தாக்குப்பிடிக்கிற திறன் இது எதுலயும் மசாஜால ஏற்றம் இருக்குன்னு காட்ட முடியலை. உடம்பு வளைஞ்சு குடுக்கறதுல சின்ன முன்னேற்றம், ரெண்டாம் நாள் வலியில சின்னக் குறைவு. அவ்வளவுதான்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிரேசில்ல அயர்ன்மேன் முடிச்சு வந்த 74 பேரைப் பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. 3.8 கிமீ நீச்சல், 180 கிமீ சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான் முடிச்சு வந்த உடம்பு. ஒரு பாதிக்குத் தொடையில வெறும் 7 நிமிஷம் மசாஜ், மத்தவங்க சும்மா உட்கார்ந்திருந்தாங்க. மசாஜ் வாங்கினவங்களுக்கு வலியும் அசதியும் குறைஞ்சதாச் சொன்னாங்க. 7 நிமிஷம், அதுவும் லேசான கை. முழங்கை எதுவும் தேவைப்படலை.

---

சந்தேகப் பிராணி

குறைஞ்சதா "சொன்னாங்க". மசாஜ் வாங்கினவனுக்கு வாங்கினது தெரியும். மாத்திரையில மாவை வச்சு ஏமாத்தற மாதிரி பொய் மசாஜ் குடுக்க முடியாது. எல்லாம் மனசுதான்.

---

பிசியோ வைகை (மதுரை)

உண்மைதான், மசாஜ் ஆய்வு எல்லாத்துலயும் அந்தக் குறை உண்டு. ஆனா வலியும் அசதியும் எங்க உணரப்படுதுன்னு நினைக்கறீங்க? நரம்பு மண்டலத்துலதான். மசாஜோட வேலை பெரும்பாலும் அங்கதான் நடக்குது. தோல்ல நிதானமான அழுத்தம் படும்போது உடம்பு பதற்ற நிலையில இருந்து இறங்கும், மூச்சு நீளும், தசை தன்னோட விறைப்பை விடும். அன்னைக்கு ராத்திரி தூக்கம் நல்லா வரும். தூக்கத்துல நடக்கற பழுதுபார்ப்புக்கு ஈடா எந்தத் தைலமும் இல்லை.

"முடிச்சை உடைக்கறேன், ஒட்டிக்கிட்ட சவ்வைப் பிரிக்கறேன்"னு சொல்றதும் லாக்டிக் ஆசிட்டுக்குத் தம்பிதான். தொடையோட வெளிப்பக்கம் இடுப்புல இருந்து முட்டி வரைக்கும் ஓடுற ஐ.டி. பேண்டை எடுத்துக்கங்க. அங்க இருக்கற அடர்த்தியான சவ்வை ஒரு சதவீதம் நசுக்கறதுக்கே மனுஷக் கை குடுக்கற விசையெல்லாம் போதாதுன்னு 2008-ல கணக்குப் போட்டே காட்டிட்டாங்க. நாளெல்லாம் ஃபோம் ரோலர்ங்கற உருளை மேல உருண்டாலும் அது நீளாது. உருண்ட பிறகு கொஞ்ச நேரம் வலி அடங்கும், முட்டி சுலபமா மடங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல இடுப்புத் தசைக்கான பயிற்சியைச் செஞ்சுட்டா பலன் நிக்கும். செய்யலைன்னா அடுத்த வாரமும் அதே இடத்துல வலியோட வருவீங்க.

---

களியக்காவிளை மக்கா (கன்னியாகுமரி)

எல்லாரும் கனடாவையும் பிரேசிலையும் பேசுதியளே, நம்ம பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க. எங்க வீட்டுல மூணு தலைமுறை வர்ம ஆசான்மாரு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக உடம்புல 108 வர்ம இடம். எங்க தொடலாம், எங்க தொடப்பிடாதுன்னு படிச்ச பொறவுதான் தடவ விடுவாவ. சித்த மருத்துவத்துல இதைத் தொக்கணம்னு சொல்லுவாவ. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல்னு ஒன்பது வகை. நீங்க இன்னைக்கு ஸ்போர்ட்ஸ் மசாஜ்னு காசு குடுத்துப் பண்ணுத அத்தனையும் இதுக்குள்ள அடங்கும்.

களரி ஆளுகளுக்கு உழிச்சில், அதாவது எண்ணெய் போட்டுத் தடவுதது, எடுக்கது ஆடி மாசம், மழைக்காலத்துல. மேல கட்டுன கயித்தை ஆசான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுவாரு. சிஷ்யன் தரையில பாயில கிடப்பான். ஆசான் உள்ளங்காலால கழுத்துல இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே இழுப்பா எண்ணெயை ஓட்டுவாரு. கயித்துல எவ்வளவு தொங்குதாரோ அவ்வளவு எடை கீழ கொறையும். அழுத்தத்தை அந்தக் கயிறுதான் அளக்கும். எங்க தாத்தா மிதிக்கும்போது அவரு கண்ணு முழுக்க படுத்திருக்கவன் மூச்சுலதான் இருக்கும். மூச்சைப் பிடிச்சான்னா கால் எளகிரும்.

உழிச்சில் எடுக்குத நாள்ல களரியில எறங்க விடமாட்டாவ. பத்தியம் உண்டு, ஓய்வு உண்டு. மத்தியானம் எண்ணெய் போட்டுட்டு சாயந்தரம் 28 கிலோமீட்டர் ஓடுனா ஆசான் கம்பை எடுத்துருவாரு.

---

ஈசிஆர் சைக்கிள்காரன் (சென்னை)

அண்ணே, அந்தக் கயிறு விஷயம் செம. இதைத்தான் எங்க ஆளுங்க "பிரஷர் ஓகேவா சார்?"னு ஒப்புக்குக் கேட்டுட்டு நம்ம பதிலுக்குக் காத்திருக்காம அமுக்கறாங்க.

---

பிசியோ வைகை (மதுரை)

ஆசான் மூச்சைப் பார்த்ததுதான் சரியான அளவுகோல். நானும் பிள்ளைகளோட கையைத்தான் பார்ப்பேன். விரல் மடங்கி முஷ்டி இறுகினா அழுத்தம் அதிகம்னு அர்த்தம். "வலிக்கலை மிஸ்"னு வாய் சொல்லும், கை பொய் சொல்லாது. வலியைத் தாங்கறதுக்காகத் தசை இறுகிடுச்சுன்னா அதுக்கப்புறம் எவ்வளவு அமுக்கினாலும் வீண்தான்.

---

ரெய்டர் ராஜா (தேனி)

ண்ணே, மேடம், எல்லாருக்கும் வணக்கம். எங்க கபடி செட்டுல ஒரு பையனுக்குப் போன வாரம் ராத்திரி மேட்ச்சுல தொடையில முட்டி இடி. எதிர் டீம் டிபன்டர் பாஞ்சு வந்து விட்டான். தொடை பந்து கணக்கா வீங்கிருச்சு. ஊருல வழக்கமா சுளுக்கு வழிக்கிற பெரியவரு உப்பை வறுத்து ஒத்தடம் குடுத்து, கட்டி கரையணும்னு நல்லெண்ணெய் ஊத்தி நீவிக்கிட்டு இருக்காரு. இன்னும் முட்டிய மடக்க முடியல. அடுத்த டோர்னமென்ட்டுக்கு ரெடி ஆயிருவானா?

---

பிசியோ வைகை (மதுரை)

தம்பி, நீவறதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. இந்த இழையில வந்ததுலயே அவசரமான கேள்வி இதுதான்.

தொடையில பலமா இடி வாங்கினா தசைக்குள்ள ரத்தம் கட்டும். அந்த நேரத்துல சூடு குடுத்து, அழுத்தி நீவினா ரத்தக்கசிவு கூடும். அதைவிட மோசம், அந்த இடத்துல தசைக்குள்ளயே எலும்பு வளர ஆரம்பிக்கற ஆபத்து அதிகமாகும். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு பேர். எக்ஸ்ரேயில தெரியறதுக்குச் சில வாரம் ஆகும், அதுவரைக்கும் "கட்டி கரையலையே"ன்னு இன்னும் பலமா நீவுவாங்க. ஆட்டத்தை மாசக்கணக்குல மறக்க வேண்டியதுதான்.

அடிபட்ட அன்னைக்குச் செய்ய வேண்டியது: வலி தாங்கற அளவுக்கு முட்டியை மடக்கி வச்சு ஐஸ், கிரேப் பேண்டேஜ், ஓய்வு. ஒரு வாரம் ஆகியும் முட்டி மடங்கலைன்னா எலும்பு மூட்டு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, ஸ்கேன் எடுப்பாங்க. டோர்னமென்ட்டை அவர் சொல்றதைப் பொறுத்துப் பார்க்கலாம். பெரியவர் கணுக்கால் சுளுக்குல கெட்டிக்காரரா இருக்கலாம், அதைக் குறை சொல்லலை. இது வேற கேஸ்.

---

ரெய்டர் ராஜா (தேனி)

சொல்லிட்டேன் மேடம். நாளைக்குக் கூட்டிட்டுப் போறோம். பெரியவரு கோவிச்சுக்கிட்டாரு, பரவாயில்ல.

---

களியக்காவிளை மக்கா (கன்னியாகுமரி)

எங்க பக்கமும் அடிபட்ட உடனே அந்த இடத்துல தடவமாட்டாவ தம்பி. வீக்கம் வத்துன பொறவுதான். மேடம் சொல்லுதது சரி.

---

அதிகாலை அம்மா (திருச்சி)

இத்தனை பேர் எழுதியிருக்கீங்க, பொம்பளைங்க கதையை யாரும் எடுக்கலை, நான் எடுக்கறேன். எங்க ஊர்ல ஓடற பெண்கள் குழுவுல நிறையப் பேர் நாப்பதைத் தாண்டினவங்க. ஸ்போர்ட்ஸ் மசாஜுக்குப் பெண் தெரபிஸ்ட் வேணும்னா தேடித்தான் பிடிக்கணும். பந்தயம் முடிஞ்ச இடத்துல கூடாரத்துல பெஞ்சு போட்டிருப்பாங்க, எல்லாம் ஆம்பளைப் பசங்க, சுத்தி மறைப்புகூட இருக்காது. அதனால நாங்க பூரிக்கட்டைக்கு மாறிட்டோம். சிரிக்காதீங்க! தரையில உட்கார்ந்து முட்டியை மடக்கி, கெண்டைக்கால்ல கணுக்காலுக்கு மேல இருந்து முட்டி நோக்கி மெதுவா உருட்டறது. பாதத்துக்கு டென்னிஸ் பந்து. பிட்டத்துக்கும் அதே பந்துதான், சுவத்துல சாஞ்சுக்கிட்டு. செலவே இல்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க குழுவுல ஒரு அக்கா, மகளைப் பார்த்துட்டு நியூ ஜெர்சியில இருந்து வந்து இறங்கின அந்த வாரமே கெண்டைக்கால் வலின்னாங்க. ஒரு கால்ல மட்டும். ஓடாம இருந்து ஓடினதால பிடிச்சுக்கிச்சுன்னு நினைச்சு மசாஜுக்குக் கிளம்பிட்டாங்க. எங்க குழுவுல இருக்கற நர்ஸ் ஒருத்தர் காலைப் பார்த்துட்டு, "இது சூடா இருக்கு, இன்னொரு காலை விட வீங்கியிருக்கு, முதல்ல டாக்டர்"னு இழுத்துட்டுப் போனாங்க. டாப்ளர் ஸ்கேன்ல ரத்தக்கட்டி. மசாஜ் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு மேடம் சொல்லுங்க.

---

பிசியோ வைகை (மதுரை)

அந்த நர்ஸுக்கு என் வணக்கம். ஆழ் நாளத்துல ரத்தம் உறையறது அது. அமுக்கி நீவினா கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். நீண்ட விமானப் பயணம், சமீபத்துல ஆபரேஷன், கர்ப்பத்தடை மாத்திரை, கால்ல கட்டுப் போட்டு நாள்கணக்கா அசையாம கிடந்தது, இது எதாவது பின்னணியில இருந்து ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா மசாஜ் பக்கமே போகக் கூடாது. ஓட்டக்காரங்க வலின்னாலே தசைப்பிடிப்புன்னு முடிவு பண்ணிடறாங்க. ரெண்டு தொடையும் ஒரே மாதிரி வலிச்சா எனக்குக் கவலை இல்லை. ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும்னா கொஞ்சம் உஷாரா இருப்பேன்.

காய்ச்சல், தோல்ல கொப்புளம், புண், படர்தாமரை இருந்தாலும் வேண்டாம். புடைச்ச நரம்பு மேல நேரா அழுத்த வேண்டாம். ஓடும்போது சுளீர்னு வெட்டி இழுத்த ஹாம்ஸ்ட்ரிங்கை (தொடையோட பின்பக்கத் தசை) முதல் ரெண்டு மூணு நாள் தொடவே வேண்டாம்.

மறைப்பு இல்லாத கூடாரம் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. பந்தயம் நடத்தறவங்க யாராவது இதைப் படிச்சா நாலு திரைச்சீலையும் ரெண்டு பெண் பிசியோக்களும் ஏற்பாடு பண்ணுங்கய்யா.

---

சந்தேகப் பிராணி

சரி, ஒத்துக்கறேன், சுகமா இருக்கும், தூக்கம் வரும். 12,000 ரூபாய்க்கு ஒரு நல்ல ஜோடி ஷூ வரும். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா தூக்கம் இலவசமாவே வரும்.

---

ஈசிஆர் சைக்கிள்காரன் (சென்னை)

சுகமா இருக்கறதுக்கும் காசு குடுக்கலாம் பாஸ். சனிக்கிழமை பிரியாணிக்கு நீங்க எந்த ஆய்வைப் படிச்சீங்க?

லாக்டிக் ஆசிட்டை மேடத்துக்காக விட்டுக்குடுக்கறேன். மறுநாள் கால் பஞ்சாகுதுங்கறதை விட்டுக்குடுக்க மாட்டேன்.

---

பிசியோ வைகை (மதுரை)

விட்டுக்குடுக்கவே வேண்டாம். மூணு வாரம் தினமும் ஓட்டற ஒருத்தனுக்கு மறுநாள் காலையில கால் லேசா இருக்குங்கற உணர்வே பெரிய விஷயம். அந்த சுவான்யர் தினமும் அதே காலைத் தொடறதால, இன்னைக்கு வலது தொடையில வழக்கமில்லாத ஒரு விறைப்பு இருக்கேன்னு ஓட்டறவனுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுவார். என் அனுபவத்துல மசாஜோட பெரிய பலன்னு நான் சொல்றது அதைத்தான். தெரிஞ்ச கை தொடர்ந்து பார்க்கும்போது காயம் பெருசாகறதுக்கு முன்னாடி அகப்படும். பேக்கேஜ்ல தினம் ஒரு புது ஆள் வந்தா அது நடக்காது.

---

கொங்கு ஓட்டம் (கோவை)

மேடம், எல்லாரும் சொன்னதை வச்சு இப்படி யோசிச்சிருக்கேனுங்க. சரியான்னு பாருங்க.

பேக்கேஜ் கட்டப்போறதில்ல. பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு நல்ல மசாஜ். காலையில ஓடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஃபோம் ரோலர். முடிஞ்சதும் கூடாரத்துல வரிசையில நின்னு ஒரு மசாஜ். கோவைக்கு ராத்திரி ரயில்.

---

பிசியோ வைகை (மதுரை)

முந்தின நாள் வேண்டாம். ஆழமான மசாஜ் வேணும்னா மூணு நாலு நாள் முன்னாடியே முடிச்சுடுங்க. பந்தயம் ஞாயிறுன்னா புதன் அல்லது வியாழன். அதுவும் உங்க உடம்புக்கு ஏற்கனவே பழகின ஆள்கிட்ட மட்டும். பந்தய வாரத்துல புதுக் கையும் வேண்டாம், புது ஷூவும் வேண்டாம். சனிக்கிழமை நீங்களே பூரிக்கட்டையால லேசா உருட்டிக்கிட்டாப் போதும்.

காலையில பத்து நிமிஷம் ரோலர்ல கிடக்காதீங்க. வேணும்னா ஒவ்வொரு தசைக்கும் அரை நிமிஷம், சுறுசுறுப்பா. அப்புறம் மெதுநடை, மெதுஓட்டம். ஆரம்பக் கோட்டுல தசை உறங்கக் கூடாது.

முடிஞ்சதும் பெஞ்சுல போய் விழாதீங்க. முதல்ல பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடங்க, உப்பு போட்ட மோர் குடிங்க, ஈரச் சட்டையை மாத்துங்க. ஓடி முடிச்ச உடனே படுத்துட்டுச் சட்டுனு எழுந்தா தலை சுத்தும், வருஷா வருஷம் நாலு பேர் அங்கயே சாயறாங்க. அதுக்கப்புறம் கூடாரத்துக்குப் போங்க. "லேசா, மேல் நோக்கி, அஞ்சு நிமிஷம் போதும்"னு நீங்களே முன்கூட்டிச் சொல்லிடுங்க. அங்க பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைங்க, சொன்னாக் கேப்பாங்க. கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சா அமுக்க விடாதீங்க. முட்டியை நீட்டிப் பாதத்தை உங்க பக்கமா மெதுவா மடக்கி, பிடிப்பு விடற வரைக்கும் வச்சிருந்தாப் போதும்.

அழுத்தமான மசாஜ் எடுக்கணும்னா செவ்வாய் சாயந்தரத்துக்கு அப்புறம், வலி இறங்க ஆரம்பிச்சதும் எடுங்க. ராத்திரி ரயில்ல லோயர் பெர்த் எடுத்துட்டீங்களா? மேல ஏறிடுவீங்க, இறங்கறதுதான் பாடு.

---

கொங்கு ஓட்டம் (கோவை)

அப்பர் பெர்த்துங்க. 😭 இப்பவே மாத்தறேன்.

---

அதிகாலை அம்மா (திருச்சி)

மேடம், நாங்களும் பெண்கள் குழுவா சென்னைக்கு வர்றோம். பூரிக்கட்டையை எத்தனை அழுத்தமா உருட்டணும்னு மட்டும் சொல்லிடுங்க. சிலர் நீலம் பாயற வரைக்கும் உருட்டிக்கறாங்க.

---

பிசியோ வைகை (மதுரை)

பத்துக்கு அஞ்சு ஆறு வலிக்கு மேல போக வேண்டாம். உருட்டிக்கிட்டே பக்கத்துல இருக்கறவங்களோட சாதாரணமாப் பேச முடியணும். எலும்பு மேலயும் முட்டிக்குப் பின்னாடி இருக்கற குழியிலயும் உருட்டாதீங்க. ஒரு காலுக்கு ரெண்டு நிமிஷம் தாராளம்.